வண்டிக்குப் பக்கத்தில் நடக்கிறவர்

மூன்றாவது பஸ்ஸும் காசம்மாளை ஏற்றாமல் போயிற்று. வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்திருந்தாள். காலிக் கூடைதான், ஆனாலும் கண்டக்டருக்கு மூக்கு இருந்தது. அந்த உச்சி வெயிலில் யாருடைய ஜீப்பையோ ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்த மெக்கானிக் அந்தோணிசாமி, அவள் எதிரில் நிறுத்தினார். "பாகூர் பக்கமாம்மா? ஏறு. பின்னாடி வெயிட்டு இல்லாம சத்தம் புடிபட மாட்டேங்குது" என்றார். பாகூர் வரைக்கும் கூடையும் அவளும் வெயிட்டாகப் போனார்கள். அவள் இறங்கியதும் கூடை இருந்த இடத்தைத் தோள்துண்டால் துடைத்து, அதே துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு உண்மையிலேயே சத்தம் வந்ததா என்று காசம்மாள் பிறகு பல தடவை கேட்டிருக்கிறாள்.

"வந்துச்சும்மா. நீ ஏறுனதும் நின்னுடுச்சு."

வண்டியில் சத்தம் என்று யார் வந்தாலும் அந்தோணிசாமி உடனே அடியில் போய்ப் படுத்துவிட மாட்டார். கொண்டு வந்தவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் செருப்பில்லாமல் நடப்பார். "உள்ள குந்தினா எல்லா சத்தமும் நம்ம சீட்டுக்கு அடியிலதான் கேக்கும். வெளிய நடந்தாதான் எது பேசுதுன்னு தெரியும்" என்பது அவர் கட்சி. வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகைக்கு எதிரே, அறுபதை நெருங்கும் ஒல்லியான ஆள் ஒருவர் ஜீப்பைச் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாடு மாதிரி கூட்டிக்கொண்டு போனால், அது அவர்தான். ஆசாரி காதில் பென்சில் வைப்பார். இவர் காதில் சாக்பீஸ் இருக்கும். சந்தேகப்பட்ட சக்கரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அது சுற்றி வருகிற வரைக்கும் பேச மாட்டார்.

முன்னால் கை வைத்த மெக்கானிக்கை அவர் குறை சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. "அவரு வேலையும் சுத்தம்தான்" என்பார். எப்போது முடியும் என்று கேட்டால் "பாப்போம்". வண்டி பிழைக்குமா என்று கேட்டாலும் அதே "பாப்போம்"தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசலை ஒட்டி நிற்பார். பூசை நடுவில் ரோட்டில் ஏதாவது வண்டி இழுத்துக்கொண்டு போனால் அவர் உதடு "கிளட்ச்" என்று அசையும். உடனே சிலுவை போட்டுக்கொள்வார்.

தன் மீனவக் குப்பமான பனித்திட்டிலிருந்து காசம்மாள் தன் ஜீப்பை அவரிடம் கொண்டுவந்தது பங்குனியில். புருஷன் போன பிறகு கரையில் அவள் படகுதான் கடைசியாக மேலே ஏறும். தள்ளுகிற தோள்கள் மற்றப் படகுகளை முடித்துவிட்டுத்தான் வரும். அதற்குள் மீன் வெயில் பார்த்துவிடும். கெஞ்சி அலுத்துப்போய், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினாள். முதல் நாளே அது படகை ஒரே மூச்சில் மணல்மேட்டில் ஏற்றியது. அதற்கு மறுவாரம், முன்பு பாராமல் போனவர்களே "யக்கா, நம்மளதையும் கொஞ்சம்..." என்று வந்து நின்றார்கள். அவள் எல்லாருடையதையும் இழுத்துக் கொடுத்தாள்.

அந்த ஜீப்தான் இப்போது தார் ரோட்டில் ஏறினால் குதித்தது. திரும்பும்போதெல்லாம் அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது மாதிரி "கடக்" என்றது. ஒரு மெக்கானிக் அடித்தண்டின் மூட்டுகளை மாற்றினார். இன்னொருவர் ஆயில் மாற்றிவிட்டு, கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார். குப்பத்தில், தெய்வக் குத்தம் என்றார்கள். இன்றைக்குச் சரியாகவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். ஓட்டி வந்தது அவள் தம்பி தங்கவேல். தெய்வக் குத்தமா இல்லையா என்று நேரில் பார்த்துப் போய்ச் சொல்ல, படகு ஆட்கள் இரண்டு பேரும் கூடவே ஏறி வந்திருந்தார்கள்.

"இன்னாண்ணா, பொழைக்குமா?" என்று கேட்டாள் காசம்மாள்.

"பாப்போம்."

கொட்டகைக்கு எதிரே தாரில் தங்கவேலை வட்டம் போடச் சொன்னார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்லத் திரும்பியதும் வண்டி இறுகி நின்று, முன்சக்கரம் ஒரு துள்ளல் துள்ளியது. கடக். நேராகப் போகச் சொன்னார். கொஞ்ச தூரத்துக்குச் சத்தமில்லை. மறுபடி வட்டம். கடக். பிறகு, பக்கத்தில் வீடு கட்டுவதற்காகக் கொட்டிப் பரப்பியிருந்த மணலைக் காட்டி, "அதுல ஒரு சுத்து" என்றார். மணலில் ஜீப் சாதுவாகத் திரும்பியது. அந்தோணிசாமி சாக்பீஸை எடுக்கவே இல்லை.

அடியில் போவார் என்று எல்லாரும் குனிந்து காத்திருக்க, அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், பெரிய கியர் கம்பியை ஒட்டி, குட்டியாக ஓர் அம்மன் நின்றிருந்தாள். மஞ்சள் துணி சுற்றி, சிவப்புக் கயிறு கட்டி, காய்ந்த வேப்பிலையும் ஒரு எலுமிச்சையும் வைத்து, சீட்டுக் காலோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அந்தோணிசாமி அதைக் கும்பிட்டுக்கொண்டார். பிறகு இறங்கி வந்தார்.

"தங்கவேலு, இவங்க ரெண்டு பேரையும் கூட்டினு போயி டீ சாப்டு வா. கேட்டாண்ட கடை. நிதானமா வா."

அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்தத் துணி எப்போம்மா கட்டுனது?"

"தையில. மொத மொத படகு ஏறுன அன்னிக்கே. துணிக்குள்ள இருக்கற அந்தக் குட்டிக் கம்பியத் தள்ளுனப்புறந்தான் வண்டி இழுத்துச்சு. அதான் அதுலயே கட்டிட்டேன். வெள்ளிக்கு வெள்ளி ஒரு கயிறு."

"சத்தம் எப்போலருந்து?"

"தையிலருந்துதான்" என்ற காசம்மாள், சொல்லி முடித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். "அந்தக் கம்பிய முன்னாடி தள்ளுனா நாலு சக்கரத்தயும் ஒண்ணா பூட்டிடும். திரும்பறப்போ பின்சக்கரத்தவிட முன்சக்கரம் கொஞ்சம் அதிகமா ஓடணும்; பூட்டி வச்சா ஓட முடியாம இறுகும். மணல் வுட்டுக் குடுக்கும்மா, தார் ரோடு வுட்டுக் குடுக்காது."

முன்பு ஒரு தடவை தங்கவேல் அந்தக் கம்பியைப் பின்னால் இழுக்கப் போயிருந்தான். "அம்மா மேலயேடா கை வெக்கிற?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தவள் காசம்மாள். மற்ற மெக்கானிக்குகளும் அந்தப் பக்கம் கை கொண்டுபோகாமல் அடியிலேயே தேடியிருந்தார்கள்.

"அப்போ அம்மாவா என்னைய இந்தப் பாடு படுத்துனா?"

"அவ இன்னா பண்ணுவா? நீ புடிச்சிக்கச் சொன்ன. புடிச்சினு நின்னா."

தன் தீப்பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாஷ்போர்டு பெட்டியிலிருந்து கற்பூரம் எடுத்து, ஜீப்புக்கு முன்னால் தரையில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, காசம்மாள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். பதினோரு முடிச்சு. கடைசி முடிச்சு அவிழ்ந்து அவள் கூப்பிட்ட பிறகுதான் அவர் திரும்பினார். ஏறி, வண்டியைக் கிளப்பிக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கம்பியை இழுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. தாரில் ஒரு முழு வட்டம் அடித்தார். தாரில் சக்கரம் உரசுகிற ஓசைதான் கேட்டது. காசம்மாள் பக்கத்திலேயே நடந்தாள்.

டீ குடித்துத் திரும்பிய ஆட்களில் ஒருவன், "இன்னா கோளாறு மேஸ்திரி? குத்தம் ஏதாவதா?" என்றான்.

"ஒரு கம்பி எடம் மாறி இருந்துச்சு. மாத்தியாச்சு."

தங்கவேல் உள்ளே எட்டிப் பார்த்தான். துணி இல்லாத கம்பியைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"மணல்ல முன்னாடி. ரோட்டுக்கு வந்தா பின்னாடி" என்று அவனிடம் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். எல்லாரும் ஏறிவிட்டார்கள். காசம்மாள் மட்டும் மஞ்சள் துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கட்டுவதென்று தெரியாமல் நின்றாள். அந்தோணிசாமி சுற்றிக்கொண்டு வந்து, முன்சீட்டுக்கு எதிரே பிடித்துக்கொள்வதற்காக இருக்கிற இரும்புக் கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டிக் காண்பித்தார். பிறகு தலையைத் திருப்பி, கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானும் செவுத்துலதாம்மா மாட்டி வச்சிருக்கேன். ஸ்பேனர்ல இல்ல."