கிடாரிக்கு ஏற்ற காளை

சேரப்பணஞ்சேரி பாஞ்சாலிக்கு மாடுகள் மேல் உயிர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொங்கலுக்கு மறுநாள் பொட்டு வைத்துக் கும்பிடுவாள், அவ்வளவுதான். மற்ற நாட்களில் மாடு கறந்தால்தான் அடுப்பு எரியும் என்று அறிந்தவள். தாய்வீட்டுச் சீதனமாக வந்த பசு 1962இல் செத்துப்போனது. மிஞ்சியது அதன் கன்று, இன்னும் ஈனாத ஒரு செவலைக் கிடாரி. அது முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியது.

புருஷன் பலராமனிடம் உழவுக்கு ஒற்றை எருதுதான். ஜோடிக்கு ஒவ்வொரு போகமும் ஊரில் யாரிடமாவது பல்லைக் காட்ட வேண்டும். ஆகவே மணிமங்கலம் தாண்டவராயனின் பொலிகாளை மேல் அவனுக்குக் கண். அதன் திமில், முதுகில் மூட்டை ஏற்றியது போல் இருக்கும்.

“அதுக்கு வுட்டா கன்னு சிங்கமாட்டம் பொறக்கும்” என்றான்.

“மொதல்ல பொறக்கணுமே” என்றாள் பாஞ்சாலி.

பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையிடமா கேட்கிறார்கள்? பாஞ்சாலி வைக்கோல் விலை கேட்கும் சாக்கில் மணிமங்கலம் போனாள். தாண்டவராயன் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. அந்தக் காளைக்கு விட்ட மாடுகள் இருந்த வீடுகளில் ஏறி இறங்கினாள்.

“கன்னுக்குட்டியாடி அது? மலை! நாலு ஆம்பளைங்க கவுறு போட்டு இழுத்தாங்க. அன்னிக்குப் படுத்த கிடாரி, எழுந்துக்கவே இல்ல” என்றாள் முதல் வீட்டுக் கிளியம்மாள்.

“கன்னு?”

“கிடாரி போய்ச் சேந்தப்பறந்தான் வெளிய வந்துச்சு.”

அடுத்த வீட்டில் நாலு ஈற்று கண்ட பசு. அது அதே காளையின் கன்றைச் சிரமமில்லாமல் ஈன்றிருந்தது. காளை மேல் குற்றமில்லை என்று பாஞ்சாலிக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் செவலையின் வாலைத் தூக்கி, இரண்டு பக்க இடுப்பெலும்புக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தாள். கை அடங்கவில்லை. மறு பருவத்தில் கிடாரியை உள்ளூர் நாகப்பனிடம் ஓட்டிப் போனாள். குப்பை வண்டி இழுக்கிற கட்டைக்கால் காளை அவனுடையது.

“இன்னாடி இது, ஆட்டுக்கெடா மாதிரி கீது! ஊரே சிரிக்குது” என்றான் பலராமன்.

“சிரிக்கறவன் வந்து பால் ஊத்துவானாய்யா? இந்த மாடு செத்துப்பூட்டா நமக்கு வேற மாடு ஏது?”

சீதன மாட்டின் வாரிசு. முடிவு அவளுடையது.

கன்று ஒரு நண்பகலில் பிறந்தது. கூழை இறக்கிவைத்துவிட்டு அவள் வருவதற்குள் வெளியே கிடந்தது. காளைக்கன்று, சின்னது. “எலிக்குட்டி” என்றான் பலராமன். அவன் சொன்னது சரிதான். அது நுகத்துக்குத் தேறவேயில்லை. வண்டிக்காரன் ஒருவன் அடிமாட்டு விலைக்குக் கேட்டான், கொடுத்துவிட்டார்கள். பலராமன் ஜோடிக்குக் கெஞ்சுவது தொடர்ந்தது. அந்த நஷ்டத்தைப் பாஞ்சாலி ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் படப்பை டீக்கடைக்குப் பால் போய்க்கொண்டிருந்தது.

செவலை மறுபடி கத்தியபோது வாலைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தாள். இந்த முறை தாராளமாக அடங்கியது.

“கவுத்தை எடுய்யா. மணிமங்கலம் போலாம்.”

“எதுக்கு?”

“உன் சிங்கத்துக்குத்தான்.”

“அன்னிக்கு வேணான்னியேடி?”

“அன்னிக்கு வாசல் சின்னது.”

சிங்கத்துக்குப் பிறந்த கன்றை இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. வந்துவிட்டது. செவலை சாயங்காலமே எழுந்து தண்ணீர் குடித்தது. கன்று வளர்ந்து நுகத்தில் பூட்டப்பட்ட அன்று, தான் பொறுக்கிய காளையின் வித்து என்று பலராமன் ஊர் முழுக்கச் சொன்னான். பாஞ்சாலி அப்போது செவலையைக் கறந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்தது. செம்பு நிரம்பும்வரை எழுந்திருக்கவில்லை.