பொன்னுராஜுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

சூடு சொரணை இல்லாதவள் என்று மாரிக்கனியை முகத்துக்கு நேராகவே திட்டியவள் நான். பின்னே என்ன? செட்டியார்பட்டியில் பொன்னுராஜின் சலவைப் பட்டறைக் கழிவு இறங்கித்தான் அவள் தோட்டத்துக் கிணறு பாழானது. தண்ணீர் சோப்பு மாதிரி வழவழத்து நாறியது, பதினான்கு எலுமிச்சை மரமும் கருகின. நியாயம் கேட்கப் போனவளிடம், தோட்டத்தைத் தனக்கே விற்றுவிட்டு ஓடச் சொன்னார் அந்த மனுஷன். அடுத்த வாரமே அவரிடம் வேலைக்கு வந்து நின்றாள். கூட வேலை பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, அவன் தொழில அவன்ட்டயே படிச்சு, அவன் வாயில மண்ணப் போடணும். செத்த சும்மா இரி" என்றாள். ஆறு வருஷம் சும்மா இருந்தேன்.

காயத்துக்குக் கட்டுகிற துணியைக் காரச் சோடாவில் வேகவைத்து, நெசவுக் கஞ்சியைப் போக்கி, வெளுத்து, மூன்று தடவை அலசுவோம். அத்தனை தண்ணீரும் ஒரே வாய்க்காலில் விழும். மொத்தத்தையும் சுத்தம் பண்ண ஒரு கம்பெனிக்காரன் கோடிக்கணக்கில் கேட்டான், பொன்னுராஜ் விரட்டிவிட்டார். மாரிக்கனி பார்த்தது வேறு. கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறைய தெளிவு. அதைத் தனியாகப் பிடித்தால் அடுத்த ஈட்டுத் துணியின் முதல் அலசலுக்கு ஆகும். சுத்தம் பண்ண மிஞ்சுகிற கஞ்சித் தண்ணீர் குறைந்துவிடும். காரத்தை முறித்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலிலும் கரியிலும் வடித்தால் பட்டறை கழுவ ஆகும். வீட்டில் நாலு டிரம் வைத்துச் செய்து பார்த்தாள். பொன்னுராஜிடம் மூச்சுவிடவில்லை.

ஆறாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு, சேத்தூர்ப் பட்டறை ஒன்றில் போய் அதை அமைத்துக் கொடுத்தாள். செலவு பொன்னுராஜின் கார் விலையில் பாதிகூட ஆகவில்லை. அப்புறம்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அவர்மேல் புகார் எழுதினோம்; என் கையெழுத்தும் அதில் உண்டு. அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். ஆர்டரெல்லாம் சேத்தூருக்குப் போனது, நானும் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது பொன்னுராஜ் அவள் தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார். தனக்கும் அமைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினார். சம்பளத்தை அவளே சொல்லட்டும் என்றார். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதுதானே முறை? நாற்காலி போட்டு உட்காரவைத்து, கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்க மொதலாளி. ஒரு மடக்கு உள்ள போயிட்டா இப்பவே வாரேன்."

வாய்வரைக்கும் கொண்டுபோனார். நாற்றம் ஏறியிருக்கும், முகம் சுளித்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. கிணறு இன்னும் அப்படியேதான் நாறுகிறது, இருந்தாலும் குளிர்ந்தது. மாரிக்கனி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. பட்டறை பூட்டியே கிடக்கிறது.