சாவு விழுந்த குடிசை

மனைவியை அடக்கம் செய்துவிட்டுப் பசுமலை வீட்டுக்குத் திரும்பியபோது மருமகள் குங்கிலியம் புகைத்திருந்தாள். அந்த வாசம் என்னை நான் பிறந்த, மலைமேல் இருந்த பளியர் குடியிருப்புக்கு இட்டுச் சென்றது. அங்கே கிழங்கு தோண்டக் கிளம்புமுன், பனி சொட்டும் மூங்கில் சிலுவையின் முன் நின்று செபம் சொல்வோம். சாவு விழுந்த குடிசையில் மட்டும் யாரும் மறுபடி உறங்குவதில்லை, குடியிருப்பே பெயர்ந்து அடுத்த சரிவுக்குப் போய்விடும். அம்மாவைப் புதைத்த அன்று நாங்கள் கிளம்பியபோது, செபம் சொல்லித்தர வந்த உபதேசியார் வழிமறித்தார்.

"கோயிலை விட்டுட்டு எங்கய்யா போறீக? இம்புட்டுத்தானா உங்க விசுவாசம்?"

அப்பா சிலுவையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஆண்டவருக்குக் கால் வலிக்காது உபதேசியாரே. நீங்க நடந்துருவீகளா?"

அந்தச் சரிவுகளில் இப்போது எங்கள் குடிசை ஒன்றுகூட இல்லை. இங்கே, மனைவியின் மூச்சு நின்ற அறையிலேயே எனக்குப் படுக்கை விரித்திருக்கிறார்கள்.