தாடை வீங்கிய ஆடுகள்

இந்த நாட்டில் எல்லாமே ‘கிராண்ட்’. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் கிராண்ட். பஸ் வரத் தாமதமாகும் என்று சொன்னாலும் கிராண்ட். நம் புதுக்கோட்டைப் பக்கம் கிராண்ட் என்றால் சீரியல் செட்டும் மேளமும் வைத்து ஊரைக் கூட்டிச் செய்கிற கல்யாணம். அயர்லாந்தில் அதற்குப் ‘பரவாயில்லை’ என்று மட்டும்தான் பொருள். இது தெரியாமல், நான் கழுவி அடுக்கிய கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்து மொரீன் ‘கிராண்ட்’ என்று சொன்ன அன்று, பெரிய பாராட்டு வாங்கியவளைப்போல நாள் முழுக்கத் திரிந்தேன்.

மொரீன் கால்நடை ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியன். கால்நடை அறிவியலில் முதுகலை படிக்க வந்த நான் கோடை விடுமுறைக்கு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கோடை என்பது பேருக்குத்தான். ஸ்வெட்டரை ஒரு நாளும் கழற்றவில்லை. விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவருகிற ஆட்டுப் புழுக்கையை உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். அதில் மிதந்து வருகிற புழு முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும். கூட வேலை செய்த மாணவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அந்த வாசம் புதிதா என்ன? நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் விடிந்ததும் ஆட்டுக் கொட்டிலைக் கூட்டி வளர்ந்தவள் நான். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, மதியத்துக்காகக் காத்திருப்பேன். மொரீன் வீட்டில் சுட்ட சோடா ரொட்டியைக் கொண்டுவருவார். மொறுமொறுத்த பழுப்புத் தோல், உள்ளே மெத்தென்ற லேசான புளிப்பு. அதன்மேல் ரொட்டியின் கனத்துக்கே உப்பு வெண்ணெயை அப்பித் தருவார். சோறில்லாமல் எப்படி இருக்கப்போகிறேன் என்று அழுதுகொண்டு விமானம் ஏறியவள், அந்த ரொட்டிக்காகவே லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

ஒரு சனிக்கிழமை, அக்காவின் பண்ணை வீட்டுக்கு டீ குடிக்க வரச்சொன்னார் மொரீன். டீதானே என்று அறையில் ரசமும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். போனால் மேசை நிறையச் சாப்பாடு. இங்கே சாயங்காலச் சாப்பாட்டுக்கே டீ என்றுதான் பெயராம். மறுக்க முடியாமல் ஒரு கரண்டி ஆட்டுக்கறி ஸ்டியூ வாங்கினேன். மிளகாய் இல்லை, மல்லி இல்லை. கறியும் உருளைக்கிழங்கும் வெந்த தெளிந்த சாறு மட்டும். அது நாக்கில் பட்டதும் மகேஸ்வரி அத்தையின் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. அத்தை கறி வேகவைக்கும்போது, மசாலா போடுவதற்கு முன்னால், வெறும் உப்பும் மஞ்சளும் சேர்ந்த சாற்றை எனக்கென்று எடுத்து ஆற்றித் தருவார். “காரம் போட்டா ஒனக்கு ஆகாது, இப்பவே குடிச்சிரு” என்பார். வயிறு முட்டியிருந்தும் ஸ்டியூவை மேலும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மொரீனின் அக்காவுக்கு ஏக மகிழ்ச்சி. என் கண் கலங்கியதற்கு ஆவிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

அத்தை அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. நான் ஒன்பதாவது படித்த வருடம், ஐப்பசி மழையில் எங்கள் ஆடுகள் அவருடைய கடலைக் கொல்லைக்குள் புகுந்து மேய்ந்துவிட்டன. “இன்னொரு தடவ ஆடு இங்கிட்டு வந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன் அண்ணி” என்று கோபத்தில் சொல்லிவிட்டார். அந்த வாரமே ஆடுகள் சாகத் தொடங்கின. தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்டதுபோல வீக்கம். கண்ணின் உள்ளிமை வெளுத்துப்போய், படுத்த ஆடு எழுந்திருக்கவில்லை. அம்மா அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, “மருந்து வச்சுக் கொன்னுட்டியேடி” என்று மண்ணை வாரித் தூற்றினார். அத்தை, “எம்புள்ளைக மேல சத்தியமா வைக்கல அண்ணி” என்று அழுதார். அம்மா நம்பவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சும் இல்லை, சோறு தண்ணியும் இல்லை. பொங்கலுக்குச் சீர் கொடுக்க அப்பா மட்டும் தனியாகப் போய்வருவார். அம்மா அதற்குப்பிறகு ஆடே வளர்க்கவில்லை.

விருந்துக்குப் போய்வந்த அடுத்த வாரம், ஆய்வகத்துக்கு ஒரு விவசாயி புழுக்கைப் பையோடு வந்தார். நோய்ப்பட்ட செம்மறி எப்படி இருக்கிறது என்று மொரீனிடம் செல்போனில் படத்தைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே அதே பை. வயிற்றுக்குள் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கிற புழுவாக இருக்கலாம் என்றார் மொரீன். விவசாயி கொண்டுவந்த புழுக்கையை நான்தான் கரைத்தேன். பார்த்த இடமெல்லாம் முட்டை. அன்றைக்கே மருந்து கொடுத்ததில் அந்த மந்தையில் பெரும்பாலான ஆடுகள் பிழைத்துக்கொண்டன.

செத்த எங்கள் ஆடுகளை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. அதனால் அடித்துச் சொல்லமுடியாது. ஆனாலும் போனில் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அப்ப அவ வச்ச மருந்து இல்லையா?” என்றார் அம்மா.

“இருக்காதும்மா. மழை பெஞ்சா புழு புல்லுல ஏறும். அதத் தின்னா வயித்துக்குள்ள போய் ரத்தத்தக் குடிக்கும். ரத்தம் கொறைஞ்சா தாடை இப்புடித்தான் வீங்கும்.”

“நீ பாத்தியா?”

“இங்க ஒரு ஆட்டுக்குப் பாத்தேன். அதே வீக்கம்.”

“அடுப்புல பால் இருக்கு” என்று போனை வைத்துவிட்டார் அம்மா.

அடுத்தடுத்த நாட்களில் நான் கூப்பிட்டபோது அப்பாதான் எடுத்தார். “என்னத்தச் சொன்ன ஒங்கம்மாகிட்ட? சரியாவே சாப்புட மாட்டேங்குறா” என்றார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் அம்மா தாங்கி நின்ற கோபத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் என்னத்தைக் கொடுத்தேன்?

ஞாயிற்றுக்கிழமை மொரீனின் அக்கா பண்ணைக்கு மறுபடி போயிருந்தேன். மேய்ச்சலோரக் கல் சுவரில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவே கூப்பிட்டார்.

“போனேன்” என்றார்.

“எங்க?”

“நேத்து மகேசு வீட்டுக்கு. வெதக்கடல உரிச்சுக்கிட்டு இருந்தா. புழுவாம்டி, ஒம்மேல பழி போட்டுட்டேன்னு சொன்னேன்.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“நான் வைக்கலைங்கிறது எனக்கு அப்பவே தெரியும் அண்ணி, ஒங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சுன்னு சொன்னா.”



“அப்பறம்?”

“மொறத்த இங்கிட்டுத் தள்ளுனா. நானும் உக்காந்து உரிச்சேன். இன்னைக்கும் இங்கதான் இருக்கேன். இரு, பேசுறியான்னு அவளக் கேக்குறேன்.”

போனுக்குள் அத்தை வீட்டு ஆடுகள் கத்துவது கேட்டது. அதே நேரம் எனக்கு முன்னால் நின்ற செம்மறிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தத் தொடங்கின. ஒரு காதில் அது, மறு காதில் இது.

அத்தை போனை வாங்கினார். “ஆடு கத்துதே, எங்கிட்டு ஆத்தா?” என்றார்.

எந்த ஆட்டைக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை.