சின்னம்மாவுக்கு ஒரு வசனம்

ஆரம்பப்பள்ளி முடிந்து முதலாம் படிவத்தில் சேரப்போகிறேன் என்றதும் எனக்குப் பயமே வரவில்லை. இடைநிலைப்பள்ளியில் என்னென்ன நடக்கும் என்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். நானும் சின்னம்மாவும் தொலைக்காட்சியில் பார்க்காத பள்ளிக்கூட நாடகம் கிடையாது. கொரியாவோ ஜப்பானோ அமெரிக்காவோ, சீருடையின் நிறம்தான் மாறும், நடப்பது ஒன்றுதான். ஓர் ஏழைப் பெண் பணக்காரப் பள்ளிக்குப் புதிதாக வருவாள். அப்புறம் உலகமே அவளைச் சுற்றித்தான் ஓடும்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. எங்களோடு தோட்டத்து வீட்டிலேயே இருந்தார். படத்துக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்துகளை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்து நடக்கப்போவதை அவரே சொல்லிவிடுவார்.

"மூணு பொண்ணுங்க வரிசையா நடந்து வந்தா நடுவுல வர்றவதான் வில்லி, பார்த்துக்க. ஜன்னல் பக்கத்துல படுத்துத் தூங்குறான் பாரு, அவன்தான் ஹீரோ."

ஒருநாளும் அவர் கணக்குத் தப்பியதில்லை.

எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்திலிருந்த பள்ளிக்குப் போக, அப்பா என்னை மட்டும் கோலசிலாங்கூர் பட்டணத்துப் பள்ளியில் சேர்த்தார். அங்கே படிப்பு நன்றாக இருக்குமாம். பஸ்ஸில் அவ்வளவு தூரம் தனியாகப் போகவேண்டுமே என்று அம்மா கவலைப்பட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஏழைப் பெண், பணக்காரப் பள்ளி! உண்மையில் அந்தப் பள்ளியில் பணக்காரத்தனம் என்று சொல்ல வாசலில் நின்ற சில கார்களைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அது போதும்.

அதே சமயத்தில்தான் சின்னம்மாவுக்கும் அந்தப் பள்ளியிலேயே துப்புரவு வேலை கிடைத்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், என் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டே சொன்னார்.

"அங்க என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போயிடணும், பாப்பா. நான் உனக்கு யாருன்னு யாருகிட்டயும் சொல்லாத."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரகசியம்! ரகசியம் இல்லாத கதாநாயகி உண்டா? ஒருத்தி உண்மையில் இளவரசியாக இருப்பாள், இன்னொருத்தியின் அப்பா சிறையில் இருப்பார். எனக்கென்று ஒன்றும் இல்லையே என்று உள்ளூர வருந்திக்கொண்டிருந்தேன். சின்னம்மா எப்பேர்ப்பட்ட ஆள்! சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் மட்டும் என் அளவுக்குச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் நாள் நடைபாதையில், முடி காற்றில் பறக்கும் என்று நம்பி, மெதுவாக நடந்து போனேன். கதாநாயகி அப்படித்தான் நுழைவாள். இறுகப் பின்னி எண்ணெய் வைத்த சடை பறக்க மறுத்தது. பின்னாலிருந்து ஓர் ஆசிரியர், "செப்பாட்! செப்பாட்!" என்று மலாயில் அவசரப்படுத்தி விரட்ட, மிச்ச தூரத்தை ஓடியே கடந்தேன்.

அடுத்த அடி அதைவிடப் பெரியது. சின்னப் படிவங்களுக்கு வகுப்பு மத்தியானம்தான். நாங்கள் உள்ளே போகும் நேரத்தில் பெரிய படிவத்து அண்ணன்கள் மோட்டார் சைக்கிளில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஹீரோக்கள் மொத்தப் பேரும் வீட்டுக்குச் சோறு சாப்பிடப் போய்விட்டார்கள். எங்கள் வகுப்பிலும் ஜன்னலோரம் ஒருவன் படுத்துத் தூங்கினான். ஆனால் வாயில் எச்சில் வடிந்தது.

நல்லவேளை, வில்லி இருந்தாள். கேண்டீனில் மூன்று பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். நடுவில் வந்தவள் உயரமான தமிழ்ப் பெண். பட்டணத்தில் அவள் அப்பாவுக்கு மருந்துக்கடை. கையில் சிவப்பு சிராப் தண்ணீர் வைத்திருந்தாள். என் மேல் ஊற்றப்போகிறாள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவளோ, "இங்க இடம் இருக்கு, உட்காரு லா. குடிக்கிறியா?" என்று நீட்டினாள். ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் குடித்தேன்.

ஆக, நாடகத்தில் உருப்படியாக மிஞ்சியது ரகசியம் ஒன்றுதான். சின்னம்மா துடைத்துக்கொண்டிருக்கும் நடைபாதையில், அவரைப் பார்க்காமலே ஈரத்தைத் தாண்டிப் போவேன். அப்படி நடிப்பதற்காகவே இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போவேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "இன்னைக்கு நல்லா நடிச்சேனா, சின்னம்மா?" என்று கேட்பேன்.

"நல்லா நடிச்ச லா" என்பார், துணி மடித்தபடி.

ஆனால் எந்த ரகசியமும் கடைசி எபிசோடில், ஊரே கூடியிருக்கும்போது, உடைந்தாக வேண்டும். அதுதான் விதி. அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

காலைப் பிள்ளைகளும் மத்தியானப் பிள்ளைகளும் ஒன்றுசேர்வது விளையாட்டுப் போட்டி நாளன்றுதான். திடல் முழுக்கக் கொடியும் கூச்சலுமாக இருந்தது. எங்கள் அணியான சிவப்பு இல்லத்தின் கூடாரத்தில் மருந்துக்கடைப் பெண் என் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கத்திய வேகத்தில் அவள் கையிலிருந்த சிராப் கவிழ்ந்து, என் காலணியிலும் தரையிலும் கொட்டியது.

சிராப்! இவ்வளவு நாள் தள்ளிப்போன காட்சி!

"அக்கா, இங்க கொஞ்சம் தொடைங்க" என்று அவள் ஓடுகளத்திலிருந்து கண்ணை எடுக்காமல், காலால் இடத்தைக் காட்டினாள்.

வந்தது சின்னம்மா. என்னைப் பார்க்காமல் என் காலடியில் முட்டி போட்டுத் துடைத்தார். பிறகு ஒரு கணம் நிமிர்ந்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். எனக்குச் சந்தேகமே போய்விட்டது. எல்லா நாடகத்திலும் இந்த இடத்தில் இப்படித்தான் தலையாட்டுவார்கள். அதன் பிறகுதான் கதாநாயகி பேசுவாள்.

பெஞ்சின் மேல் ஏறினேன்.

"இவங்க யாருன்னு தெரியுமா? என் சொந்தச் சின்னம்மா!"

கூடாரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இசை எழவில்லை. ஒலிபெருக்கி நாலு பேர் ஓட்டத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவன், "கிளீனரா?" என்று சிரித்தான். மருந்துக்கடைப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. "சாரி ஆண்ட்டி" என்று சட்டென்று குனிந்து, தன் கைக்குட்டையால் அவளும் துடைக்க ஆரம்பித்தாள். வில்லி இப்படிச் செய்வதை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை.

சின்னம்மா எழுந்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தன. "வெயிலு லா, கண்ணு கூசுது" என்று முனகியபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபமான கோபம். இவ்வளவு நல்ல காட்சியில் ஒரு வசனம்கூடப் பேசாமல் போகலாமா? சாயங்காலம் வீட்டில் கேட்டேவிட்டேன். சின்னம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அவன் சிரிச்சானே, உனக்கு ஒண்ணும் இல்லையா, பாப்பா?"

"அவன் துணை நடிகன் லா. நீங்கதான் பேசியிருக்கணும்."

"நான் என்னா பேசறது?"

"இவ எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். நெஞ்சு வலிக்குமளவுக்கு இறுக்கினார். அணைப்புக் காட்சியை இப்போது வைத்து என்ன பயன், அங்கேயல்லவா வைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். வழக்கமாக என்னைக் கண்டால் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும் சின்னம்மா, அன்று கையில் துடைப்பத்தோடு பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். கார்களும் பிள்ளைகளும் நிறைந்த அந்த வாசலில், தோட்டத்தில் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டார்.

"பாப்பா! சாப்பிட்டியா?" பக்கத்தில் நின்ற காவலாளியிடம் திரும்பி, "இவ எங்க அக்கா மக, எங்க வீட்டுப் பிள்ளை!" என்று சொன்னார்.

தாமதமாகவாவது வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. நன்றாக நடித்தீர்கள் என்று அவரிடம் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, வகுப்புக்கு ஓடினேன்.