அண்ணி பொட்டை எடுக்கவில்லை

எந்த நாட்டுக்காக என் அண்ணன் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கினார், இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று எழுத மாட்டேன். அது மட்டும் வேண்டாம், மற்றதை எழுது என்றார்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா இல்லை. அண்ணன், அண்ணி, நான். ஹட்டனில் மின்னியல் படித்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் மின்பகுதியைப் பார்க்கிறேன். அண்ணி கொழுந்து பறிக்கிறார். அண்ணன் கொழும்பில் செக்யூரிட்டியாக இருந்தார். வெளிநாட்டு இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜண்ட் ஒருவர், லொறி ஓட்டும் வேலை என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிப்போனார். ஆனால் இராணுவம் என்று தெரிந்தேதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார். முழுக்க ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது. நான்காவது மாதம் பதுங்குகுழியில் இருந்தார்.

ஏழாவது மாதம், ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"தங்கச்சி, ஓடி வந்துட்டேன். எல்லைய தாண்டி பொலிஸ் முன்னால கைய தூக்கிட்டு நின்னேன். அகதியா ஏத்துக்கச் சொல்லி கேட்டிருக்கேன். விசாரணை முடியிற வரைக்கும் நான் உசுரோட இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஏஜண்டுக்குத் தெரிஞ்சா முகாமுக்குத் தெரிஞ்சிரும். குற்றவாளின்னு சொல்லி திருப்பிக் கேப்பாங்க."

மறுநாள் அதே ஏஜண்ட் போன் எடுத்து, அண்ணனைத் தாக்குதலில் காணவில்லை, உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றார். சொல்லிவிட்டும் போனை வைக்கவில்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என நினைக்கிறேன்.

தொழிற்சாலையில் நிறுத்திய இயந்திரத்தை மறுபடி ஓட்டுவதற்கு முன், ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி போடுவோம். அதேபோல், அண்ணன் உயிரோடு இருப்பது வெளியே தெரியாமல் இருக்க ஒரு தாள் எழுதினேன். புது எண் என் போனில் மட்டும், வேறு பெயரில். அண்ணனோடு பேசுவது வேலைக்குப் போகும் வழியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். வீட்டில் டிவி போடக் கூடாது. அண்ணி எட்டு நாள் வேலைக்குப் போகக் கூடாது. இப்படிப் பதினொரு வரி. அண்ணி படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

எங்கள் லயத்தில் வரிசையாக இருக்கும் மற்ற வீடுகளின் பெண்கள் வந்து அழுதார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அண்ணியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னும் பொட்டோட இருக்க? நாலு சனம் பாக்குது. பதினாறு அன்னிக்காவது தாலிய எடுக்கணும்ல."

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவர்கள் போனபிறகு அண்ணியிடம் கேட்டேன்.

"அண்ணி, விசாரணை முடியிற வரைக்கும்தானே. பொட்ட மட்டுமாவது..."

"அவரு அங்க சாவக் கூடாதுன்னு ஓடியிருக்காரு. நான் இங்க உக்காந்து சாகடிக்கணுமா? மாட்டேன்."

"நீங்க பொட்டு வச்சிருந்தா, ஆள் இருக்காருன்னு போர்டு எழுதி மாட்டுன மாதிரி."

"மாட்டுனா மாட்டுது. அடுப்புல பருப்பு இருக்கு, பாரு."

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏஜண்ட் வேனில் வந்து இறங்கினார். பெரியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவரும் முதலில் அண்ணியின் நெற்றியைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க. தகவல் ஏதும் வந்துச்சா?"

என் கையில் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணி, "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க. தகவல நீங்கதான் கொண்டாரணும்," என்றார். "உடம்பு எங்கங்க?"

"அது சண்ட நடக்குற எடம்மா. உடம்பு கிடைக்கிறது கஷ்டம்."

"உடம்பக் காட்டாம எப்புடிங்க நான் தாலிய எடுக்கிறது? கொண்டாந்து காட்டுங்க. இப்பவே எடுக்கிறேன்."

பிறகு பெரியம்மா முன்னால் வந்தார்.

"ஆமாய்யா. ஆடு காணாமப் போனாலே காடு பூரா தேடுவோம். நீங்க போன்ல சொன்னா புள்ள செத்துருவானா?"

பின்னால் நின்ற ஒருவர், "எங்க வீட்டு ஆளுக்கும் வேல இருக்குன்னீங்களே, அவரையும் இப்புடித்தான் தொலைப்பீங்களா?" என்று கேட்டார்.

ஏஜண்ட் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன்பிறகு எங்கள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. அண்ணியின் பொட்டைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பாவம், மனசு ஏற்க மாட்டேங்குது என்று பேசிக்கொண்டார்கள். அண்ணி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஐந்து வாரம் கழித்து விசாரணை நடந்தது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் சொல்லக் கேட்டேன்.

"சுட்டியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். காசுக்காகப் போனியான்னு கேட்டாங்க. அதுக்கும் ஆமான்னேன். ஏன் ஓடி வந்தேன்னு கேட்டாங்க. அதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மேலும் இரண்டு மாதத்தில் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. ஒரு வருடம் அங்கே இருக்கலாம், பிறகு மறுபடி பார்ப்பார்கள். திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. அண்ணி முதலில் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னார். அவர் அண்ணியின் தோளில் ஓர் அடி போட்டார்.

"அடிப்பாவி, ஒங்க வீட்டுல அழுது எனக்கு மூணு நாள் தல வலி. அந்தப் பயலுக்குப் போனப் போடு. நாலு வார்த்த திட்டணும்."

அண்ணி போனைப் போட்டுக் கொடுத்தார். பெரியம்மா திட்ட ஆரம்பித்து, முடிக்க முடியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.