அத்தைக்கு அன்று சாமி வரவில்லை

போன ஆடி மாதம் எனக்குத் தூக்கம் போனது. பிறகு சுவருக்குள் யாரோ பேசுவது கேட்டது. மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா ஆபீசில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் பேச்சே நின்றது. வாய் மட்டும் தானாக மென்றுகொண்டே இருந்தது.

கிள்ளானில் எங்கள் வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டார்கள்! இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு அருள் வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டு ஆன்டி காலில் விழுந்து லாட்டரி நம்பர் கேட்டார். நான் அப்பாவைக் கடித்ததும் அருள் பேயாகிவிட்டது.

நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. நினைவிருக்கிற பாதியே போதும். சேலையால் கட்டிலோடு கட்டினார்கள். வேப்பிலையால் முகத்தில் அடித்தார்கள். "அம்மா, நான் இங்கேதான் இருக்கேன்" என்று உள்ளே கத்துவேன். சத்தம் வெளியே வராது. அப்படி ஒரு பயம். மாரியம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன். தாயே, என்னால் சொல்ல முடியாததை வேறு யார் வாயாலாவது சொல்லு.

வெள்ளிக்கிழமை, அப்பாவின் அக்காவைப் பந்திங்கிலிருந்து அழைத்து வந்தார்கள். திருவிழாவில் வருடந்தோறும் அத்தைக்குச் சாமி வரும். அம்மன் அவர் மேல் இறங்கிப் பேயை விரட்டுவாள் என்று உடுக்கை அடித்துக் காத்திருந்தார்கள். இறங்கவில்லை. அத்தை என் தாடையைப் பிடித்துப் பார்த்தார்.

"உடுக்கைய நிறுத்துங்க! சாமி வந்தா மலையேறிடும் லா. இது ரெண்டு வாரமா ஏறவே இல்லையே. பிள்ளைக்குச் சீக்கு. காடிய ஸ்டார்ட் பண்ணி எடு தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அக்கா, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து பாத்துக்கும்? எடுடா!"

ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்து ஐசியூவில் கிடந்தேன். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஸ்கேனில் சினைப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. அந்தக் கட்டியை எதிர்க்கப் போன உடம்பு, ஆள் தெரியாமல் என் மூளையையும் தாக்கியதாம். கட்டியை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். விழுங்கவும் பேசவும் மாதங்கள் பிடித்தன. முதலில் வந்த சொல் "அத்தை". அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.

இன்னமும் சில பெயர்கள் மறந்துபோகின்றன. பரவாயில்லை, உயிரோடு இருக்கிறேன். என் தாய் மாரியம்மா கைவிடவில்லை. முன்பெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போனால் செல்பி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இப்போது, பெண் திடீரென்று மாறிவிட்டாள் என்று யாராவது அங்கே அழுதால், பக்கத்தில் போய் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன்.

அம்மனை நம்புங்கள். அழுது கேளுங்கள். கேட்டுக்கொண்டே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகிற வழியில் பிள்ளையிடம் பேசிக்கொண்டே போங்கள். பதில் வராது. ஆனால் அந்தப் பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள், அவளுக்கு எல்லாம் கேட்கிறது.